நிறுத்துவதற்கு ஒரு ஆள்

வேலப்பன்சாவடிப் பக்கம் இருந்த எங்கள் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் சொந்தமாக ஏதாவது ஒரு இயந்திரம் செய்து காட்ட வேண்டும். போன வருடத்து அண்ணன்மார் செய்ததற்குப் புது பெயிண்ட் அடித்துக் காட்டுவதுதான் வழக்கம். 1993-இல் என் நண்பன் பரந்தாமனுக்கு மட்டும் உண்மையிலேயே ஒன்றைச் செய்யும் கெட்ட எண்ணம் வந்தது.

அவனுடைய அண்ணன் கஜபதிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. இடது கையைத் தொடையில் ஊன்றி, முட்டி மடங்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடப்பார். தினமும் சென்னீர்குப்பத்தில் பஸ் ஏறி, அம்பத்தூர் எஸ்டேட்டில் லட்சுமணன் என்பவரின் லேத்துப் பட்டறைக்குப் போவார். அங்கே அவருக்கு உட்கார்ந்த வேலை: மழுங்கிய டூல்களைச் சாணை பிடிப்பது. பதினோரு வருடமாக முதுகுக்குப் பின்னால் ஓடும் லேத்துகளின் சத்தத்தை வைத்தே எந்த ஆள் அவசரப்படுகிறான், எவன் தூங்குகிறான் என்று சொல்லிவிடுவார். அவருக்கு லேத்தில் நிற்க ஆசை. லேத்துக்கு இரண்டு கையும் வேண்டும். அவருடைய ஒரு கையோ எந்நேரமும் காலுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

கையை விட்டுவிட்டு ஒரு ஷிப்ட் நின்று காட்டினால் மூன்றாம் நம்பர் லேத்து உனக்குத்தான் என்று லட்சுமணன் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதற்காகத்தான் பரந்தாமன் இரும்புக் கால் செய்தான். தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு இரும்புப் பட்டை, முட்டியில் ஒரு கீல், லாரியின் வைப்பர் மோட்டார், மொபெட் செயின், முதுகில் பேட்டரி. காலோடு சேர்த்துக் கட்ட பழைய காரின் சீட் பெல்ட்டுகள். இடுப்பில் இருக்கும் பட்டனைத் தட்டினால் மோட்டார் செயினை இழுத்து மடங்கிய முட்டியை நிமிர்த்தும். முட்டி நேரானதும் ஒரு தகடு வந்து பொத்தானை அழுத்தும், கரண்ட் தானாக நின்றுவிடும். கதவை மூடினால் விளக்கை அணைக்க பிரிட்ஜில் ஒரு வெள்ளைப் பொத்தான் இருக்குமே, அதுதான் இது. எங்கள் வீட்டுப் பிரிட்ஜிலிருந்து நான் கழற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அம்மா தயிரைத் தடவித்தான் எடுத்தாள்.

இதைத் தவிர என் பங்கு, அறிக்கை எழுதுவது. கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் நக்கல் எழுதிப் பழகிய கை. 'பாதுகாப்பு ஏற்பாடுகள்' என்ற அத்தியாயத்தில் எழுத ஒன்றுமே இல்லை. இடுப்புப் பட்டன் ஓட்டுவதற்கு மட்டும்தான்; நிறுத்தும் மெயின் சுவிட்ச் முதுகில் பேட்டரியோடு இருந்தது. போட்டிருப்பவர் கைக்கு எட்டாது. அதை முன்பக்கம் கொண்டுவர வேண்டும் என்று பரந்தாமன் ஒவ்வொரு வாரமும் சொன்னான். நான் இப்படி எழுதி வைத்தேன்: "அவசர நிறுத்தும் சாதனம்: ஒரு ஆள். சுவிட்சில் கை வைத்தபடி பின்னால் நிற்பார். பராமரிப்பு: நாளொன்றுக்கு இரண்டு டீ." அந்த ஆள் நான்தான். படித்துக் காட்டியபோது எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் கஜபதி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையில் போட்டுப் பார்த்தோம். முதல் வாரம் ஒரு மணி நேரம் நின்றார். நான்காம் வாரம் நான்கு மணி நேரம். தொடையிலிருந்து எடுத்த இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு இன்னா வேலை குடுக்கிறதுன்னே தெரியல நைனா" என்றார்.

ஆயுத பூஜையன்று எல்லோர் முன்னாலும் நடந்து வந்து லேத்தில் நிற்கட்டும் என்று லட்சுமணன் சொல்லிவிட்டார்.

அந்தப் பட்டறையைப் பெருக்குவது கஜபதியின் அம்மா நாகம்மாதான். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதும் வருடா வருடம் அவர் வேலை. அதில் பாரபட்சமே கிடையாது. லேத்து, மோட்டார், ஸ்பானர், அரம், துடைப்பம் எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. காலையில் பெஞ்சின்மேல் கிடந்த இரும்புக் காலுக்கு ஒவ்வொரு போல்ட்டாக வைத்துக்கொண்டே வந்தார். வட்டமாய், வெள்ளையாய், பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல் இருந்த அந்தப் பொத்தானுக்கு வந்ததும், சந்தனத்தை வழித்து அப்பினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் வீட்டில் இருந்தவரை இதற்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

நடுப்பகலுக்குள் சந்தனம் காய்ந்து இறுகிவிட்டது.

கஜபதி காலைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரோ பேட்டரிக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். லாரிச் சக்கரத்துக்கு வைப்பது போல அவர் முன்னால் தரையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கற்பூரம் காட்டி மணியடித்தார்கள். கஜபதி கையை எடுத்துவிட்டு, இடுப்பை உயர்த்தி, மடங்கிய காலை முன்னால் வீசி வைத்து, பட்டனைத் தட்டினார். இரும்புப் பாதத்தின் கீழே பழம் நசுங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டு கையாலும்.

முட்டி நேரானது. தகடு வந்து பொத்தானில் மோதியது. பொத்தான் உள்ளே போகவில்லை, தகடுதான் வளைந்தது. மோட்டாருக்கு முட்டி என்றால் என்னவென்று தெரியாது. இழுத்துக்கொண்டே இருந்தது.

"நைனா, போதும், நிறுத்து" என்றார் கஜபதி, சாதாரணக் குரலில்.

இரண்டடி தூரத்தில் நின்றேன். மணிச் சத்தத்தில் அது என் காதில் விழுந்து, நான் கை தட்டுவதை நிறுத்தி, சாமந்திக்கு அடியில் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தபோது லட்சுமணன் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கி எறிந்தார். மொத்தம் ஆறேழு விநாடி. அதற்குள் கஜபதியின் முட்டி, எந்த முட்டியும் மடங்காத பக்கம் மடங்கியிருந்தது. பெல்ட்டுகளை அறுக்க வேண்டியதாயிற்று.

சூம்பிய காலுக்கு வலி தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். அறிக்கையில் எழுதியும் இருந்தேன். அந்த நோய் அசைவை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகும், வலியை விட்டுவிட்டுப் போகும் என்பதை அன்று பட்டறையில் இருந்த எல்லோரும் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

முட்டிக்குப் பின்னால் ரத்தக் குழாய் அறுந்திருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் தொடையோடு காலை எடுத்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துத்தான் எனக்குப் போய்ப் பார்க்கத் தைரியம் வந்தது. நாகம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தார். கஜபதி டூலுக்கு அளவு சொல்வது போலச் சொன்னார்:

"அது ஒண்ணுத்துக்கும் ஒதவாத காலுன்னு எல்லாரும் நெனச்சிகினு இருந்தீங்க. அதுல தான் நைனா இத்தினி வருசம் நடந்துகினு இருந்தேன்."

 பிறகு, பொத்தானைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தோம் என்றேன்.

"சந்தனமா?"

தலையாட்டினேன்.

"அத்த எழுதாத. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எவனாச்சும் படிச்சிச் சொல்லுவான்."

நாகம்மா பிளாஸ்கோடு வந்தார். அந்த மிஷினுக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார். ஒயர் கோளாறு என்றேன்.

ஏப்ரலில் அறிக்கையைக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியைத் திருத்தி எழுதினேன்: "அவசர நிறுத்தும் சாதனம்: ஒரு ஆள். தேவைப்பட்ட நேரத்தில் அவர் கை தட்டிக்கொண்டிருந்தார்." நாலு வருடத்தில் நான் விளையாட்டில்லாமல் எழுதிய ஒரே வரி அது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதற்குச் சிவப்பு மையில் கோடு போட்டு, கேலி செய்ய இதுவா இடம் என்று கேட்டார். பரந்தாமன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். வரியை அடித்தேன். இருவரும் பாஸ்.

அடுத்த ஆயுத பூஜைக்கு லட்சுமணன் எங்களையும் கூப்பிட்டிருந்தார். பரந்தாமன் வரவில்லை. மூன்றாம் நம்பர் லேத்தில் வேப்பம்பட்டிலிருந்து வந்த தேவராஜ் என்ற புது ஆள் நின்றிருந்தார். கஜபதி பழையபடி சாணை மிஷின் முன்னால், லேத்துகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்குள் கட்டைகள் இரண்டு சாத்தியிருந்தன. இப்போது நடக்க அவருக்கு இரண்டு கையும் வேண்டும்.

நாகம்மா கிண்ணத்தோடு வந்தார். முன்பைவிட இரண்டு மடங்கு சந்தனம் கரைத்திருந்தார்.

"போன வருசம் கொறவா வச்சிட்டேன் போலக்கீது நைனா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சாணை மிஷினின் சுவிட்ச் மூடும் அளவுக்கு அப்பிவிட்டு, அடுத்த மிஷினுக்குப் போனார்.

கஜபதி எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் நூலை எடுத்து, சந்தனம் ஈரமாக இருக்கும்போதே சுவிட்சை நிதானமாகத் துடைத்தார். சுற்றிலும் இருந்ததைத் தொடவில்லை. நாகம்மா திரும்பிப் பார்த்தபோது நூலை மடித்துவிட்ட பேன்ட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"ஜோரா கீதும்மா" என்றார்.