மூன்றாம் மாடி பெல்லில் ஒரு பெயர்

காற்றுக்கு விழுந்திருக்காது, நான்கு பக்கமும் செலோடேப் சுற்றித்தான் ஒட்டினேன், அதுவும் இரண்டு தரம், பிறகு எப்படி… விழுந்திருந்தால் வாசற்படியில் கிடந்திருக்க வேண்டும், குனிந்து பார்த்தேன், ஒரு சிகரெட் கட்டையும் யாரோ கொறித்துத் துப்பிய பூசணிவிதைக் கோதுகளும்தான் கிடந்தன. பெல் பலகையில் மூன்றாம் மாடிக்கு நேரே, நான் அறை எடுத்திருக்கும் வீட்டுக்காரர் பீலிக்ஸ் அண்ணையின் ‘குரூஸ்’ அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே நான் நீலப் பேனையால் எழுதி ஒட்டிய ‘வேணுகா’ மட்டும் இல்லை. நகத்தால் சுரண்டிய அடையாளம் இருக்கிறது. காற்றுக்கு நகம் இருக்குமா? இந்த மாதத்துக்குள் ஒருநாள் விஜிலே வருவார் என்றார்கள், இத்தாலியில் மாநகரசபைக் காவலரை அப்படித்தான் சொல்வார்கள், எந்த நாள் என்று சொல்லமாட்டார்களாம், பெல்லில் பெயர் இருந்தால் மேலே ஏறி ஆளைப் பார்த்து எழுதிக்கொண்டு போவார், இல்லையென்றால் இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் இல்லை என்று எழுதிவிடுவார். பிறகு எனக்கு வதிவிடப் பதிவு இல்லை. பதிவில்லாமல் மகள் தயானியைக் கூப்பிடும் பத்திரங்களைத் தொடவே முடியாது. ஒன்பது வயது, கிளிநொச்சியில் என் அம்மாவோடு இருக்கிறாள், நேற்றுப் போனில் ‘எப்ப அம்மா என்னைக் கூப்பிடுவீங்கள்’ என்று கேட்கவில்லை, ‘அங்கை மழையோ’ என்றுதான் கேட்டாள்… கேட்பதை நிறுத்திவிட்டாள் என்பதுதான் எனக்குப் பயம்.

வியா மக்வேதா தெருவில் கடைகள் இப்போதுதான் கதவைத் தூக்குகின்றன, நான் விலகி விலகி நடக்கிறேன், பீலிக்ஸ் அண்ணையின் மனுசி றோசமலர் அக்காதான் கழட்டியிருப்பா, வேறு யார்? நேற்றுப் பின்னேரம் குசினிக்குள் போனபோது அவ புருசனிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது, ‘அவளுக்குச் சொல்லாமல் கழட்டுங்கோ, சொன்னால் அழுதுகொண்டு நிப்பாள்.’ ஏதோ திரைச்சீலையைச் சொல்கிறா என்று நினைத்தேன், என்ன மடைச்சி நான், திரைச்சீலைக்கு யார் அழுவார்கள்? என்னைக் கண்டதும் இரண்டு பேரும் வாயை மூடினார்கள், ‘புட்டு இருக்கு பிள்ளை, போட்டுச் சாப்பிடு’ என்றா, சம்பலும் கூடவே வைத்தா, அந்தக் கூடுதல் சம்பலில் அப்போதே யோசித்திருக்க வேண்டும். போன ஞாயிறு பக்கத்து ஊர் பகேரியாவிலிருந்து அவவின் தங்கைக்காரி அனிற்றா வந்து என் அறை வாசலில் நின்று, ‘உங்களுக்கென்ன, வெயில் தேடி வந்து படுக்கிற அறை, நான் விடிய எழும்பி ரெயினுக்கு ஓடுறன்’ என்று சிரித்தாள், சிரித்தபடியே கட்டிலிலிருந்து யன்னல்வரை கண்ணால் அளந்தாள். இவர்கள் மன்னார்ப் பக்கம், கோயில், பங்கு, பாடகர் குழு என்று ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், நான் வன்னியிலிருந்து தனியாக வந்து ஒட்டிக்கொண்டவள், ஒட்டியதைச் சுரண்டலாம்தானே… கார்த்திகை மாதமும் இப்படித்தான், செத்த ஆட்களின் பெயரைப் பூசையில் வாசிப்பார்களாம், ‘நீ சைவமெண்டால் என்ன, உங்கட ஆக்கள் ஆரும் இருந்தால் எழுதித் தா’ என்று றோசமலர் அக்கா ஒரு துண்டை நீட்டினா, என்னுடைய ஆட்களின் பெயர் இவவுக்கு எதற்கு என்று அப்போதும் யோசித்தேன், யோசித்துக்கொண்டே ஒரு பெயரை எழுதி மடித்துக் கொடுத்தும் விட்டேன், ஏன் கொடுத்தேன்?

பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் சின்யோராவின் வீடு, நான் மணி அடித்ததும் உள்ளே ஒரு டின் மூடும் சத்தம் கேட்கிறது, தோட்டைக் கழற்றிச் சீனி டின்னுக்குள் போடுகிறா, பதினான்கு மாதமாக நான் வரும் நாளெல்லாம் போடுகிறா, எனக்குத் தெரியும் என்று அவவுக்கும் தெரியும், பிறகு கதவைத் திறந்து கன்னத்தில் முத்தம் தருகிறா. கோபம் வருவதில்லை, இன்றைக்கு அந்தச் சத்தம் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது, இங்கே ஒளிப்பதாவது காது கேட்க நடக்கிறது. படுக்கை விரிப்பை ஸ்திரிபோட்டுக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது, றோசமலர் அக்கா அனுப்பிய குரல்பதிவு, ‘பிள்ளை, நிக்கிற வேலையை விட்டுட்டு உடனை வா. பாஸ்போட்டையும் கொண்டு வா.’ அவ்வளவுதான், ஏன் என்று இல்லை. எப்போதும் என் கைப்பையில் கிடக்கிற பாஸ்போர்ட் எதற்கு? அறையை விடுவதாகக் கையெழுத்து வாங்கவா, அனிற்றா பெட்டியோடு வந்து நிற்கிறாளா, மூன்று தரம் திருப்பிக் கேட்டேன், குரலில் கள்ளம் இருக்கிறதா என்று, இருந்ததுபோலவும் இருந்தது… விரிப்பில் ஒரு மூலை பழுத்துவிட்டது, சின்யோரா காணமுதல் உள்பக்கமாக மடித்து வைத்தேன்.

கிட்டத்தட்ட ஓடித்தான் வந்தேன், வந்தவள் பெல்லைப் பார்த்தேன், குரூஸ், அதற்குக் கீழே கடையில் அச்சடித்த வெள்ளைத் துண்டு, பெரிய எழுத்து, ராஜசிங்கம். யாரோ ஒரு ஆம்பிளைக்கு அறையைக் கொடுத்துவிட்டார்கள், ஒரு நாளைக்குள்ளேயா, என்றுதான் முதலில்… பிறகுதான் அந்த இத்தாலி எழுத்துகளுக்குள்ளிருந்து அப்பா வந்தார். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர்தான் என் குடும்பப் பெயர், குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் விரலடையாளம் கொடுக்கப் போனபோதும் அதைத்தான் கூப்பிட்டார்கள், நான் திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தேன். மேலே குசினியில் சீருடைக்காரர் ஒருவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார், பீலிக்ஸ் அண்ணை பள்ளிப்பிள்ளை மாதிரிச் சுவரோடு நின்றார். ‘நேற்றும் இவர் வந்தவர்,’ என்றா றோசமலர் அக்கா, ‘ராஜசிங்கம் இருக்கிறாரோ எண்டு கேக்க, உந்த மனிசன் அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லையெண்டு கலைச்சுவிட்டுட்டுது.’

‘எனக்கெப்பிடித் தெரியும், அவர் கேட்டது ஒரு ஆம்பிளையை. பெல்லிலை வேணுகா எண்டெல்லோ கிடந்தது.’

‘பதினெட்டு வருசம் இஞ்சை, பெல்லிலை குடும்பப் பேர்தான் போடோணும் எண்டு தெரியாது.’

‘என்ர பேர் குரூஸ். எனக்கு உந்தப் பிரச்சினை வரேல்லை.’

காலையில் பீலிக்ஸ் அண்ணை காவலரின் கந்தோருக்கே ஓடிப்போய்க் கையைக் காலைப் பிடித்துக் கூட்டிவந்தாராம். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், ‘சொன்னால் சாப்பிடவும் மாட்டாய், படுக்கவும் மாட்டாய்,’ என்றா. அந்தப் பெயர் என்னுடையது என்று எப்படித் தெரியும் அக்கா? அவ என்னை வினோதமாகப் பார்த்தா. ‘ஒவ்வொரு ஞாயிறும் நான் சொல்லிச் செபிக்கிற பேரல்லோ, பிள்ளை.’ சீருடைக்காரர் பாஸ்போர்ட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், ராஜசிங்கம் நீங்களா என்றார், ‘சி’, ஓம் என்றேன், எழுதிக்கொண்டார்.

அவரைக் கீழே வழியனுப்ப வந்தவள் வாசலில் நிற்கிறேன், கதவு தானாகப் பூட்டிக்கொண்டது, திறப்பு மேலே, அப்பாவின் பெயர் கண்ணுக்கு நேரே. ஓமந்தையில் ஆமியின் சோதனை வரிசையிலிருந்து அவரைப் பிரித்துக் கொண்டுபோனவர்கள், பிறகு ஒரு தகவலும் இல்லை, பதினைந்து வருசத்துக்கு மேல், அம்மா இன்றைக்கும் குடும்ப அட்டையில் அந்தப் பெயரை வெட்டவிடமாட்டா, வெட்டச் சொல்லி வந்த கிராம அலுவலரோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. அந்தப் பெயரைத்தான் நான் கார்த்திகையில் செத்தவர்களின் துண்டில் எழுதி மடித்தேன், அம்மாவுக்குச் சொல்லாமல், சொன்னால் அழுவா என்று… பெயரைக் கழட்டியது யார் என்று காலையிலிருந்து தேடுகிறேன். செத்தவர்களோடு வாசிக்கிறவர்கள் இப்போது அவர் இந்த வீட்டில் இருக்கிறார் என்று ஒட்டியிருக்கிறார்கள், அதை அரசாங்கமும் எழுதிக்கொண்டு போய்விட்டது. தயானி இனி வரலாம். வந்து இந்த வாசலில் நின்று, அம்மப்பா இஞ்சையோ இருக்கிறார் எண்டு வாசித்துக் கேட்டால்? மூன்றாம் மாடிக்கு ஒரே ஒரு பொத்தான்தான், அமத்தினேன், கரகரத்துக்கொண்டு றோசமலர் அக்காவின் குரல் வந்தது.

‘ஆரது? ஆர் வேணும்?’