இரண்டு தடவை வேண்டாம் என்றால்

பள்ளிக்கூட பஸ் ஓட்டி இருபத்தாறு வருடம் ஆன ராக்னாவை வண்டி விஷயத்தில் யாரும் லேசில் ஏமாற்றிவிட முடியாது. விற்பனைக்கு நின்ற அந்தப் பழைய வேனைப் பார்க்க, சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே போய் இறங்கினாள். போனதும் முதல் வேலையாகக் கையுறையைக் கழற்றி எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. குளிரில் கிளம்பாத வண்டியை முன்கூட்டியே சூடு பண்ணி வைத்து ஏமாற்றும் ஆசாமி இல்லை என்று தெரிந்ததும் பாதி நிம்மதி.

வேனின் சொந்தக்காரன் ராய்ஸ், டெக்சஸ்காரன். மின்னசோட்டாவின் இந்த வடகோடிக்குக் காற்றாலை நட வந்தவன். எட்டு மாத வேலை முடிந்துவிட்டது, சனிக்கிழமை ஊருக்குக் கிளம்புகிறான். காதுவரை குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியபடி வந்து நின்றான்.

ராக்னா கோட்டுப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தாள். வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மின்கட்டணச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தம். சக்கரத்துக்கு மேலே, கதவுக்கு அடியில், பின்பக்க மூலையில் என்று ஒவ்வொரு இடமாக ஒட்டிப் பார்த்தாள். இரண்டு இடத்தில் காந்தம் ஒட்டாமல் பொத்தென்று பனியில் விழுந்தது.

"இங்க துருவ மறைச்சுப் பட்டி பாத்திருக்கு" என்றாள்.

"எனக்கு முந்தி வெச்சிருந்தவன் வேலைம்மா அது. நான் தொடவே இல்ல. பின்கதவு ஓட்டையையும் பாத்துக்கங்க, விரல் உள்ள போகும். ஹீட்டர் இடது காலுக்கு மட்டும்தான் அடிக்கும். வேற ஒண்ணும் மறைக்கல."

தீவனச் சாக்கு ஒன்றைப் பனியில் விரித்து, டார்ச்சும் ஸ்க்ரூடிரைவருமாக வண்டிக்கு அடியில் நுழைந்தாள் ராக்னா. எங்கள் பக்கத்தில் பனி உருகுவதற்காக வருடத்துக்கு ஐந்து மாதம் ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு வண்டியைத் தின்றுவிடும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிரும். இவள் குத்திய இடத்திலெல்லாம் ணங் ணங்கென்று கேட்டது. லாரியின் எஞ்சின், லாரியின் அச்சு, கனத்த இரும்புச் சட்டம். இப்போது வருகிற குடும்ப வேன்கள் காருக்குத் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். இது லாரிக்குப் பிறந்த ஜாதி. முன்சீட்டில் எஞ்சின் பாதி உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, காலை நீட்ட இடம் தராது. போகட்டுமே, யார் காலை நீட்டப் போகிறார்கள்?

அவளுக்கு வேண்டியது பின்னால் இருக்கும் இடம். நடு சீட்டையும் கடைசி சீட்டையும் கழற்றிவிட்டால், நூற்றைம்பது கிலோ மின்சாரச் சக்கர நாற்காலி ஆளோடு உள்ளே போகும், தரை தாங்கும். உறைந்த ஏரிமேல் வைக்கும் மீன்பிடிக் குடிலையும் பின்னால் கொக்கி போட்டு இழுக்கலாம்.

அந்த ஆள் அவள் புருஷன் பால்மர். போன வருடத்துக்கு முந்தின நவம்பரில் மான் வேட்டைப் பரணிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவன், ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர இன்றுவரை வாசலைத் தாண்டவில்லை. சக்கர நாற்காலி ஏறுவதற்கென்றே மாற்றிக் கட்டிய புது வேன் ஒரு சின்ன வீட்டு விலை சொல்கிறது. ஏரி உறைந்த நாளிலிருந்து உருகும் நாள்வரை ஐஸில் ஓட்டை போட்டு மீன்பிடித்துக்கொண்டு கிடந்த மனுஷன், இப்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறான். அதைப் பார்க்கப் பார்க்க ராக்னாவுக்கு வயிறு எரிந்தது. இந்தக் குளிர்காலமும் இப்படியே போனால் அவனுக்கு உள்ளே ஏதோ ஒன்று அணைந்தே போய்விடும் என்று அவளுக்குப் பயம். ஐஸ் இன்னும் மூன்று வாரம்தான் தாங்கும்.

சாவியைத் திருப்பினாள். அந்தக் குளிரில் இரண்டாவது முறுக்கிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவள் இறங்கி வந்தாள், முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை.

"ரெண்டாயிரத்து முந்நூறு டாலர்மா. எடுத்துக்கிறீங்களா?" என்றான் ராய்ஸ்.

"ஐயையோ, வேணாம் வேணாம். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"சரி, ரெண்டாயிரம் குடுங்க. நான் ஊருக்குப் போகணும்."

"அட, வேணாங்க. எனக்காக நீங்க எதுக்கு நஷ்டப்படணும்!"

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எதைக் கொடுத்தாலும் முதல் தடவை வேண்டாம் என்போம், அது மரியாதை. இரண்டாவது தடவையும் வேண்டாம் என்போம், அப்போதுதான் பேராசைக்காரர் இல்லை என்று ஆகும். மூன்றாவது தடவை கேட்டால், "இவ்வளவு சொல்றீங்க, சரி" என்று வாங்கிக்கொள்வோம். காபிக்கும் இதே கதைதான், கேக்குக்கும் இதே கதைதான். பால்மர் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் ராக்னா இரண்டு தடவை மறுத்தாள். மறுக்கும்போதே மனசுக்குள் கல்யாண கவுனுக்குத் துணி எடுத்து முடித்திருந்தாள்.

ஆகவே இப்போதும் கோட்டுப் பைக்குள் காசோலைப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தாள்.

"சரிம்மா. வந்ததுக்கு ரொம்ப நன்றி. ரோடு வழுக்குது, பாத்துப் போங்க" என்றான் ராய்ஸ். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ராக்னா பனியில் நின்றாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கதவு திறக்கவில்லை. தட்டிக் கேட்பதா? சீச்சீ, அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். சாக்கைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினாள்.

நடந்ததைச் சொன்னதும் பால்மர் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று!

"டெக்சஸ்காரன்கிட்டப் போயி வேணாம்னு சொன்னியா? போச்சு போ! அவங்க ஊர்ல வேணாம்னா வேணாம்தான்."

"எனக்கென்ன தெரியும்? ஒரு மனுஷன் மூணாவது வாட்டி கேக்காம உள்ள போவான்னு யாருக்குத் தெரியும்?"

"விடு" என்றான் பால்மர். சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கு எதுக்கு வேன்? நான் எங்க போகப் போறேன்?"

ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். ராக்னா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை வேண்டுமென்றே டமார் டமார் என்று கழுவினாள்.

மறுநாள் காலையில் ஒரு தட்டு நிறைய எலுமிச்சைக் கேக் துண்டுகள் சுட்டு எடுத்துக்கொண்டாள். வெறுங்கையோடு போய் வேனைக் கேட்க முடியாது, கேக் கொடுக்கப் போகிற சாக்கில் பேச்சு வேன் பக்கம் தானாக வரும் என்று கணக்கு. ராய்ஸ் வீட்டு முற்றத்துக்கு வண்டியைத் திருப்பியவளுக்கு நெஞ்சு திக்கென்றது. வேன் பக்கத்தில் எல்டன் நின்றுகொண்டிருந்தான்.

எல்டன் ஏரிக்கரையில் தூண்டில் இரைக் கடை வைத்திருப்பவன். பால்மருக்குப் பால்ய சிநேகிதன், ஐஸ் குடிலில் முப்பது வருடம் எதிரெதிரே உட்கார்ந்து மீன்பிடித்தவன். மூக்கு சிவந்து, மீசையில் பனி கட்டியிருந்தது.

"என்ன எல்டன், இந்தப் பக்கம்?"

"சும்மாத்தான். பொடிமீன் தொட்டி ஏத்த ஒரு வண்டி இருந்தா தேவலைன்னு... தண்ணியோட கனம் தாங்கணுமில்ல." எல்டன் குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு வாட்டி வேணாம்னு சொல்லிட்டேன் ராக்னா. மனுஷன் உள்ள போயிட்டான். கால் மணி நேரமா நிக்கிறேன், வரவே காணோம்."

ராக்னாவுக்குச் சிரிப்பும் வந்தது, வேன் கைநழுவிவிடுமோ என்று பயமும் வந்தது. அதற்குள் கதவு திறந்து ராய்ஸ் காபிக் கோப்பையோடு வெளியே வந்தான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"உங்க ஊர்ல யாருக்குமே வேன் வேணாமா? வேணாம்னு சொல்றதுக்கே பத்து மைல் வண்டி ஓட்டிட்டு வர்றீங்களே, தெய்வமே!"

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். எல்டன்தான் முதலில் பேசினான்.

"ராக்னா, நீயும் இதுக்குத்தான் வந்தியா? அப்ப நீ எடுத்துக்க."

"சேச்சே, நீ முதல்ல வந்தே. நீ எடுத்துக்க."

"அட, பரவால்ல. நீயே எடுத்துக்கயேன்."

"வேணாம் எல்டன். நீ வியாபாரம் பண்றவன், உனக்குத்தான் தேவை."

சொல்லி வாயை மூடியதும்தான் உறைத்தது: இரண்டாகிவிட்டது. எல்டன் மூன்றாவது தடவை சொன்னால் பிழைத்தாள். எல்டன் சொல்லவில்லை. அவனுக்கும் ஆசை இருக்கும்தானே, பாவம். மெதுவாகத் தலையைத் திருப்பி வேனின் பக்கக் கதவைப் பார்த்தான். மனசுக்குள் தொட்டி எத்தனை பிடிக்கும் என்று அளக்கிறான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எனக்கு வேணும்!" என்றாள் ராக்னா.

கத்தியே விட்டாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஐம்பத்தெட்டு வயதில் அந்த இரண்டு வார்த்தையை அவள் வெளியில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. முகம் ஜிவ்வென்று சூடேறியது. ஆனால் திறந்த வாய் மூடவில்லை.

"எனக்கு இந்த வேன் வேணும் எல்டன். பால்மரை ஏத்திக்கிட்டு ஏரிக்குப் போகணும். அவன் ஏரியப் பாத்து ரெண்டு வருஷமாகப் போகுது. ஜன்னல்கிட்ட உக்காந்தே செத்துப் போயிடுவான் போலிருக்கு. நீங்கள்லாம் ஒருத்தனாவது எட்டிப் பாத்தீங்களா?"

எல்டன் குல்லாயைக் கழற்றினான். அந்தக் குளிரில் வழுக்கைத் தலையிலிருந்து ஆவி கிளம்பியது.

"அவன் வரமாட்டேன்னுட்டானே ராக்னா. போன வருஷம் ஜனவரியில நேர்ல வந்து கூப்பிட்டேன். வேணாம்டான்னான். சரி, மனசு கஷ்டத்துல இருக்கான், தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு..."

"எத்தனை வாட்டி கேட்டே?"

எல்டன் விரல் விட்டு எண்ணுகிறவன் மாதிரி கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு" என்றான் கடைசியில்.

ராக்னாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவனைத் திட்ட அவளுக்கு என்ன யோக்கியதை? அவளும்தான் போன குளிர்காலத்தில், "கொஞ்சம் வெளிய போலாமா?" என்று கேட்டாள். அவளும் எண்ணிப் பார்த்தாள். இரண்டு தடவை. அதற்குமேல் கேட்டால் அவனுக்கு வலிக்குமோ என்று விட்டுவிட்டாள். ஊரே அவன் மேல் இரக்கப்பட்டு, இரண்டோடு நிறுத்திக்கொண்டிருக்கிறது.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றான் ராய்ஸ். "இப்ப வேன் யாருக்கு?"

"அவங்களுக்கு" என்றான் எல்டன்.

"ரெண்டாயிரம்" என்றான் ராய்ஸ்.

"சரி" என்றாள் ராக்னா. முதல் கேள்விக்கே சரி சொல்லி அவளுக்குத் தலை சுற்றியது. கேக் தட்டை நீட்டினாள். "இந்தாங்க, எடுத்துக்கங்க."

ராய்ஸ் ஒரே தடவையில் நான்கு துண்டு எடுத்துக்கொண்டான்.

அந்த முற்றத்திலேயே சீட்டுகளைக் கழற்ற எல்டன் கூட இருந்து உதவினான். துருப்பிடித்த நட்டுகளோடு மல்லுக்கட்டி, விரலை நசுக்கிக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். பனி ஸ்கூட்டரை ஏற்றுகிற நீளமான சாய்பலகை அவன் வண்டியிலேயே கிடந்தது. அதை வேனுக்குள் போட்டுக்கொண்டு, ராக்னா வந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, முன்னால் வேனில் ராக்னாவும் பின்னால் தன் வண்டியில் எல்டனுமாக வந்தார்கள். வழிநெடுக ஹீட்டர் அவள் இடது காலை மட்டும் வறுத்தெடுத்தது.

வேன் சத்தம் கேட்டு பால்மர் வாசல் கதவைத் திறந்துகொண்டு நாற்காலியில் இருந்தான். வேனைப் பார்த்தான். பின்னால் இறங்கின எல்டனைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

எல்டன் சாய்பலகையை இழுத்து வேனின் பக்கக் கதவில் சாய்த்தான். மேலே ஏறி இரண்டு தடவை குதித்துப் பார்த்தான். இறங்கி வாசலுக்கு வந்து நின்றான்.

"பெர்ச் மீன் நல்லாக் கடிக்குதுடா. ஏரிக்கு வர்றியா?"

பால்மர் சாய்பலகையை மேலும் கீழும் பார்த்தான். வேண்டாம் என்றால் என்ன செய்வது? நாலாவது தடவை கேட்பது, ஐந்தாவது தடவை கேட்பது, சாயங்காலம்வரை கேட்பது என்று ராக்னா அந்த வாசலில் நின்றபடியே முடிவு செய்தாள்.

"ஜனவரியில கேட்டே" என்றான் பால்மர். "போன வருஷம் ஜனவரியில."

"ஆமாடா."

"பதிமூணு மாசம்டா, மடையா! ஒவ்வொரு நாளும் இந்த ஜன்னல்ல உக்காந்து உன் வண்டி வருதா வருதான்னு ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தேன்."

எல்டன் முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டான். தோள் இரண்டும் குலுங்கின. பால்மர் அவனைக் கண்டுகொள்ளாமல் நாற்காலியின் விசையை முன்னால் தள்ளினான். வாசல் சரிவில் இறங்கி, பனியில் ஒரு தரம் சறுக்கி, சாய்பலகையில் ஏறி, வேனுக்குள் போய் நின்றான். தரை ஒரு முனகல்கூட முனகவில்லை. உள்ளேயிருந்து தலையை மட்டும் நீட்டினான்.

"என்ன ராக்னா, நீயும் வர்றியா?"

கைகளில் எண்ணெய்க் கறையும் கன்னத்தில் கண்ணீருமாக நின்ற ராக்னா, முதல் தடவையிலேயே, "வர்றேன்" என்றாள்.