கட்டி முடித்த பாலம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் அது எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு நோட்டீஸ் வரும். மாடியேறியதும் இடப்பக்கம் மூன்றாவது மேசை. அதன் முன்னால் ஏசுவடியானையும் அவர் மைத்துனன் ராஜரத்தினத்தையும் உட்காரச் சொன்னார்கள். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. ராஜரத்தினம் நின்றுகொண்டான்.

ஏசுவடியான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பது வருஷம் மூன்று ஷிப்டும் பார்த்து ஓய்ந்தவர். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மனைவி ஏசம்மாள் சாகக் காரணம் யார் என்று தெரிய வேண்டும். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு வீட்டில் இருக்கிறது. அதை அவர் ஒருநாளும் நம்பவில்லை.

போன கார்த்திகையில் நாலு நாள் அடைமழை. சேத்தூருக்கு மேற்கே, அவர்கள் தெருவுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் கிடக்கிற ஓடை இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. நூற்றெட்டு ஆம்புலன்ஸ் அக்கரையில் வந்து நின்றது. இக்கரையில் ஏசம்மாளை ஒரு பிளாஸ்டிக் சேரில் வைத்துத் தூக்கிக்கொண்டு, இப்போது வடியும் இதோ வடியும் என்று ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். ஆம்புலன்ஸில் வந்த பையன் அக்கரையிலிருந்து, "நெஞ்சை அமுக்குங்க, விடாம அமுக்குங்க" என்று கத்தினான். ஏசுவடியான் அமுக்கினார். ஓடை வடிய மறுநாள் ஆயிற்று. அவள் அதுவரை காத்திருக்கவில்லை.

ராஜரத்தினம் தளவாய்புரத்தில் பன்னிரண்டு மிஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுப்பவன். தாய் முகம் அறியாதவன்; அக்கா ஏசம்மாள்தான் அவனைத் தூக்கி வளர்த்தாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே சொல்லிவிட்டான்.

"அத்தான், அந்த ஓடையில பாலம் கட்டாம விட்டவன் எவன்னு தெரியணும். எழுதிக் கேப்போம். அவனைக் கோர்ட்டுல நிறுத்தாம நான் ஓயமாட்டேன்."

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டார்கள். முப்பது நாள் என்பது எழுபது நாளாகி, மேல்முறையீடும் போட்ட பிறகு ஒரே ஒரு வரியில் பதில் வந்தது. மேற்படி இடத்தில் பாலப் பணி மூன்றாண்டுகளுக்கு முன்பே முடிக்கப்பட்டுவிட்டது, கோப்பை நேரில் பார்வையிடலாம் என்றது அது. ராஜரத்தினத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இல்லாத பாலத்தைக் கட்டினேன் என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இனி எங்கே ஓடுவார்கள் என்று பைக்கில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். பின்னால் உட்கார்ந்திருந்த ஏசுவடியானுக்கும் பல மாதம் கழித்து வயிறு பசித்தது. வழியில் இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டார்.

எழுத்தர் பிரேம்குமார் கோப்பைக் கொண்டுவந்து வைத்தான். சின்ன வயசு; மரியாதையாகத்தான் பேசினான்.

"முதல் ஒரு மணி நேரம் ஃப்ரீ சார். அதுக்கு மேல பணம் கட்டணும். நிதானமா பாருங்க, ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. இதெல்லாம் ஆன்லைன்லயே இருக்கு. எந்த நாட்டுலயும் கணக்கை இவ்வளவு ஓப்பனா வைக்கிறது கிடையாது."

உண்மையிலேயே எல்லாம் இருந்தது. மதிப்பீடு இருந்தது. பத்தொன்பது லட்சத்து நாற்பதாயிரத்துக்கு பில் இருந்தது. சிமென்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை கிலோ என்று அணா பைசா சுத்தமாக இருந்தது. பாலத்தின் போட்டோகூட இருந்தது. பின்னால் வரிசையாகத் தென்னை மரங்கள். அவர்கள் ஓடைக்கரையில் கருவேல முள்ளைத் தவிர வேறு எதுவும் முளைத்ததில்லை. ராஜரத்தினம் மேசையைத் தட்டினான்.

"இது எந்த ஊர்ப் பாலம் சார்? எங்க ஊர்ல ஏது தென்னை? வாங்க, இப்பவே வண்டியில கூட்டிட்டுப் போறேன். ஓடைக்கு மேல ஒரு கல்லு இருந்தா நான் மொட்டையடிச்சுக்கிடுதேன்."

பிரேம்குமார் கோபப்படவில்லை. பக்கத்தைப் புரட்டினான்.

"நீங்க சொல்றது இருக்கட்டும். ஊரே பார்த்து, சரியா கட்டியிருக்குன்னு கிராம சபையில தீர்மானம் போட்டிருக்கே சார். அக்டோபர் ரெண்டாம் தேதி. வரவு செலவை வாசிச்சு, நூத்திநாலு பேர் கையெழுத்து. இத வச்சுத்தான் பில் பாஸ் ஆச்சு. பாலம் இருக்குன்னு ஊர் சொல்லிருச்சு, அதனால அங்க புதுசா ஒண்ணு கேட்டாலும் இனிமே வராது."

"எவன் போட்டான் கையெழுத்து?" என்று குனிந்தான் ராஜரத்தினம்.

ஏசுவடியான் ஏற்கெனவே பார்த்துவிட்டார். முதல் கையெழுத்து அவருடையது.

அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. கூட்டத்துக்குப் பதினோரு பேர்தான் வந்திருந்தார்கள். நூறு கையெழுத்து இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது, நூறு நாள் வேலைக்கு லிஸ்ட் போகாது என்று ஊராட்சி கிளார்க் தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, நீங்க போனா ஒருத்தரும் மாட்டேங்க மாட்டாக" என்று நோட்டை அவர் கையில் கொடுத்தார். அதுவும் மெய்தான். வருஷாவருஷம் சர்ச்சில் ஊர்கூடிச் சாப்பிடுகிற அசனத்துக்கு வீடு வீடாய்ப் போய், இத்தனை படி அரிசி என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறவர் ஏசுவடியான். ஒரு குந்துமணி அரிசி குறைந்ததில்லை. அவர் நோட்டோடு வாசலில் நின்றால் சர்ச்சுக்குப் போகாத வீட்டிலும் பேனாவைத்தான் தேடுவார்கள், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள். அன்றைக்கு மேலே எதுவுமே எழுதியிருக்கவில்லை. பக்கம் வெறுமையாக இருந்தது. ஊருக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் இருட்டுவதற்குள் மூன்று தெருவையும் முடித்துக் கொடுத்தார்.

திருடியவன் எவனோ, அவன் நன்றாக இருப்பான். ஏசுவடியானின் நல்ல பெயரைத்தான் அவன் பத்தொன்பது லட்சத்துக்கு விற்றிருக்கிறான். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தது அது ஒன்றைத்தான்.

ராஜரத்தினத்தின் விரல் வரிசையாக இறங்கி இரண்டாவது பெயரில் நின்றது. கோணல் மாணலான ஏசம்மாளின் கையெழுத்து. அவன் நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அத்தான், அக்காகிட்ட இதை வாங்கினது யாரு?"

"நான்தான்."

"எதுக்குன்னு அக்கா கேக்கலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை மறுக்க யாரும் உயிரோடு இல்லை. ஏசுவடியானுக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"கேட்டா."

"என்ன சொன்னிய?"

"அடுப்புல குழம்பு கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. கையைத் தொடச்சுக்கிட்டு வந்து, மேல ஒண்ணும் எழுதலையேன்னு கேட்டா. நான் கொண்டாந்தா கேள்வியா, கையெழுத்தைப் போடுட்டின்னேன்."

ராஜரத்தினம் பைக் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். கீழே வண்டி கிளம்புகிற சத்தமும், அது தெருமுனை திரும்புகிற சத்தமும் மாடிக்குக் கேட்டன.

"ஒரு மணி நேரம் ஆகப் போகுது சார்" என்றான் பிரேம்குமார்.

ஏசுவடியான் சட்டைப் பையைத் துழாவி, ஊர் திரும்ப பஸ்ஸுக்கு இனி வேண்டியிருந்த பணத்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.