பரிசீலனைக்கு ஒரு சாண்

டீச்சரின் நாற்காலி முதல்முறை நகர்ந்தபோது ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. அவர் கேள்வி கேட்டு முடித்தார், அமைச்சரின் பதிலைக் கேட்டார், உட்காரப் போனார். தரையில் உட்கார்ந்தார். ஆளுங்கட்சி வரிசை சிரித்தது. சட்டமன்றத்தின் எல்லா நாற்காலிகளையும் போல அதுவும் நான்கு திருகாணிகளால் தரையோடு முடுக்கப்பட்டிருந்தது. மறுநாள் தச்சர் வந்து பார்த்தார். திருகாணிகள் இறுக்கமாக இருந்தன. தரையிலிருந்த துளைகளும் கூடவே நகர்ந்திருக்கின்றன என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

டீச்சர் அரசுப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். எதிர்க்கட்சிகளில் ஆகச் சிறியதன் ஒரே உறுப்பினர். அவர் கேட்டது ஒரே கேள்வி. மூடிக் கிடக்கும் நூற்பாலையில் நாற்பத்து மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. எல்லைக்கு அப்பால் ஊர் எரிந்தபோது ஓடி வந்தவை. வந்து பத்தொன்பது ஆண்டுகள். அவர்களுக்குக் குடியுரிமை எப்போது? மற்ற ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உதவித்தொகை அந்தப் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை? எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்களைச் சாக்கடைக் குழியில் இறங்க மட்டும் எதைப் பார்த்துக் கூப்பிடுகிறீர்கள்? மறுவாழ்வுத் துறை அமைச்சர் எழுந்து, பரிசீலனையில் உள்ளது என்றார்.

அந்தக் கூட்டத்தொடரில் டீச்சர் நான்கு முறை கேட்டார். நான்கு சாண். அடுத்த ஆண்டு பதில்கள் நீண்டன, தூரமும் நீண்டது. அவையின் மைக்காரர் ஒவ்வொரு முறையும் நாடாவால் அளந்து மைக் வயரை நீட்டிக் கொடுத்தார். அளவுகள் அவருக்கு மனப்பாடமாயின. பரிசீலனை என்றால் ஒரு சாண். குழு அமைக்கப்பட்டுள்ளது என்றால் நாலு முழம். கேள்வியே எழவில்லை என்றால் ஒரு தெரு. ஒரு சாணுக்குக் குறைந்த பதில் அரசிடம் இல்லை. உட்காரும் முன் கையால் பின்னால் தடவிப் பார்ப்பது டீச்சருக்குப் பழக்கமானது. வீட்டிலும் பேருந்திலும் ஆஸ்பத்திரியிலும் அப்படியே செய்தார்.

மூன்றாம் ஆண்டில் நாற்காலி சுவரைத் தாண்டியது. சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை நாற்காலி வெளியே தாழ்வாரத்தில், கழிப்பறை வாசலில் நின்றது. மைக்காரர் பக்கத்தில் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியையும் கொண்டு வந்து வைத்தார். கழிப்பறைக்கு வந்த அமைச்சர் நின்றார். பள்ளியில் அவர் டீச்சரிடம் படித்தவர்.

"என்ன டீச்சர், இங்க உக்காந்துட்டீங்க?"

"நீ ஒழுங்கா பதில் சொன்னா நான் ஏன் இங்க வர்றேன்?"

"கணக்குல முப்பத்தஞ்சு போட்டு என்னைத் தேத்தி விட்டீங்க. அந்த நன்றிக்குத்தான் பரிசீலனைங்கறேன். எழவில்லைன்னு சொல்லுன்னு மேல இருந்து குடையறாங்க."

"முப்பத்திரண்டு. மூணு நான் போட்டது. போட்டிருக்கக் கூடாது."

அமைச்சர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

தாழ்வாரம் அவையா இல்லையா என்று டீச்சர் விளக்கம் கேட்டார். இல்லை என்றால் தான் வராதவர். அறுபது நாள் வராதவரின் பதவி பறிபோகும். அவைத் தலைவர் இரண்டு நாள் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். உறுப்பினரின் நாற்காலி எந்தக் கூரையின் கீழ் நிற்கிறதோ, அந்தக் கூரையின் கீழ் முழுவதும் அவை. கூரை இல்லாத இடத்தில் நாற்காலியைச் சுற்றி ஆறடி. ஆளுங்கட்சி மேசையைத் தட்டியது. தள்ளிப் போகிறவரை உள்ளேயே இருப்பதாக வைத்துக்கொள்வது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

பிறகு அவர் தெருவில் இருந்தார். வெயிலில் குடை பிடித்துக் கேட்டார். மழையில் குடை பிடித்துக் கேட்டார். பேருந்து ஆறடி ஒதுங்கிப் போகப் பழகியது. இரண்டு கூட்டத்தொடர்கள் நாற்காலி ஒரு முடிதிருத்தும் கடைக்குள் நின்றது. கேள்வி நேரத்தில் கத்திரி ஓயும். பாதி முகம் மழித்த ஒருவர் நிதிநிலை அறிக்கை முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். டீச்சர் மறுபடி ஜெயித்தார். கேள்வி மாறவில்லை. எட்டாம் ஆண்டில் அதில் ஒரு பெயர் சேர்ந்தது. நூற்பாலையிலிருந்து குழியில் இறங்கி, கயிற்றில் கட்டி மேலே எடுக்கப்பட்ட ஒருவரின் பெயர். இறந்தவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, ஆகவே அப்படியொருவர் இறக்கவில்லை என்றார் அமைச்சர். டீச்சர் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அது அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

ஒன்பதாம் ஆண்டில் கேள்வியே எழவில்லை என்ற பதில் ஒரே வாரத்தில் மூன்று முறை வந்தது. மூன்று தெரு. நாற்காலி நூற்பாலைக்குள் போய் நின்றது. எந்திரங்களைப் பெயர்த்து விற்றுவிட்ட நீண்ட கூடம். தார்ப்பாயும் அட்டையும் கட்டித் தடுத்த நாற்பத்து மூன்று வீடுகள். நாற்காலி நின்ற இடம் ஒரு தையல்காரியின் வீடு. கயிற்றில் வந்தவர் அவளுடைய கணவர். அவள் தையல் எந்திரத்தை நகர்த்தி வழி விட்டாள்.

"வர்றேன் வர்றேன்னு சொன்னீங்க. நாற்காலியத் தூக்கிட்டு வருவீங்கன்னு நினைக்கல."

"நான் எங்க தூக்கினேன்? அதுதான் என்னைத் தூக்கிட்டு வருது."

"சரி, உக்காருங்க. காலை இந்தப் பக்கம் நீட்டாதீங்க, ஊசி கிடக்கும்."

அந்த ஆண்டு முடிவதற்குள் பதினோரு லாரிகள் வந்தன. நூற்பாலை நிலம் வேறு எதற்கோ வேண்டியிருந்தது. அங்கிருப்பவர்களை எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் விட உத்தரவு. அப்பால் அவர்களைப் பிடித்துக்கொள்ள ஆள் நிற்கிறது என்பது பத்திரிகைகளிலேயே வந்திருந்தது. காலை எட்டு மணிக்குக் காவலர்கள் இறங்கினார்கள். வாசலில் மைக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"உள்ள போகக் கூடாது சார்."

"யாருய்யா நீ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மைக்காரன். இது சட்டமன்றம்."

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். அடுப்புகள், காயும் துணிகள், நடுவில் ஒரு நாற்காலி.

"இதுவா?"

"கீழ பாக்காதீங்க சார். கூரையைப் பாருங்க."

அவைக்குள் காவலர் நுழைய அவைத் தலைவரின் அனுமதி வேண்டும். இன்ஸ்பெக்டர் போன் செய்தார். அனுமதி ஒரு வரி வேலை. ஆனால் அந்த மாதங்களில் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மூன்று பேர் பிடியாணைக்குத் தப்பி அவைக்குள்ளேயே தூங்கிக் குளித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அமைச்சரின் மைத்துனர். இன்று ஒரு கூரைக்குள் நுழைகிறவர்கள் நாளை இன்னொரு கூரைக்குள் நுழைவார்கள். அவைத் தலைவர் அனுமதி மறுத்தார். லாரிகள் சாயங்காலம்வரை நின்றன. பிறகு காலியாகத் திரும்பின.

மறுநாள் அவைக் காவலர்கள் வந்து பலகை மாட்டினார்கள். அவை நடக்கும்போது பார்வையாளர்கள் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது. நாற்பத்து மூன்று குடும்பங்களும் பார்வையாளர்கள் ஆயின. கேள்வி நேரத்தில் தையல் எந்திரம் நின்றது, கைக்குழந்தைகள் கால்வாய்க் கரைக்குப் போயின. மைக்காரர் நாற்காலி முதுகிலிருந்து கூடத்தின் பின்சுவர்வரை அளந்தார். இரண்டு விரல் குறைய ஒரு சாண். மூன்று முறை அளந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் கால்வாய். கூரை கிடையாது; நாற்காலி அங்கே போனால் கூடம் அவையாக இருக்காது. அங்கே தகரம் இறக்கிப் பார்த்தார்கள். அவைக்கு வெளியே என்பதால் நகராட்சி இரண்டு முறை பிடுங்கிப் போட்டது. அளவை மைக்காரர் டீச்சரிடம் சொன்னார். டீச்சருக்கு அதைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவைத் தலைவர் அவருடைய கேள்வி எண்ணைப் படித்தார். டீச்சர் எழுந்தார். பேசக் கூடாத தையல்காரி பின்னாலிருந்து மெதுவாகப் பேசினாள்.

"கேக்காதீங்க டீச்சர்."

டீச்சர் மைக்கைக் கையால் மூடினார். "குடியுரிமை வேணாமா?"

"வேணும்."

"அவர் பேரு? அது பதிவாக வேணாமா?"

தையல்காரி தரையில் கிடந்த ஊசி ஒன்றை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டாள். அவைக் காவலர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்க டீச்சர்."

கேள்வியைக் கேட்கவில்லை என்று டீச்சர் மைக்கில் சொன்னார். அமைச்சர் எழுந்து அவருக்கு நன்றி தெரிவித்தார்.

அதன் பிறகு பதினோரு ஆண்டுகள். அவைக்குள் ஒளிந்திருந்த மூன்று உறுப்பினர்களில் ஒருவர் அமைச்சர் ஆனார். நூற்பாலையிலிருந்து மேலும் நான்கு பேர் குழியில் இறங்கி ஏறவில்லை. அவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அகதிகள் பிரச்சினை தீர்ந்துவிட்டது, ஒரு கேள்விகூட வருவதில்லை என்று மறுவாழ்வுத் துறை அமைச்சர் ஒவ்வோர் ஆண்டும் அவையில் சொல்கிறார். மேசை தட்டும் சத்தம் ஒலிபெருக்கிப் பெட்டி வழியாகக் கூடத்தில் கேட்கிறது. டீச்சருக்கு எழுபது தாண்டிவிட்டது. உறுப்பினர் இல்லாவிட்டால் நாற்காலி வெறும் நாற்காலி. அவர் இருமினால் நாற்பத்து மூன்று வீடுகளும் நிமிர்ந்து பார்க்கின்றன. முதல் கஞ்சியும் முதல் மாத்திரையும் அவருக்குத்தான். தையல்காரி வெட்டுத் துணிகளைத் திணித்து ஒரு மெத்தை தைத்துப் போட்டிருக்கிறாள்.

ஒவ்வொரு கூட்டத்தொடரின் முதல் நாளும் கேள்வி எண் படிக்கப்படுகிறது. டீச்சர் எழுந்து, கேட்கவில்லை என்கிறார். பிறகு ஒரு கையால் பின்னால் தடவிப் பார்க்கிறார். நாற்காலி இருந்த இடத்தில் இருக்கிறது.