முகாம் வாசலில் உடைத்த தேங்காய்

ராகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேட்டில் இருந்த ராணுவ முகாமை மூடிய அன்று வினோதா அதன் வாசலில் தேங்காய் உடைத்தாள். நாட்டில் காசில்லை, ஆமியைக் குறைக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னபோதே அவளுக்கு வாயெல்லாம் பல். அந்த மேட்டு நிலம் லயத்து வரிசை வீடுகளில் நெருங்கிக் கிடக்கும் சனங்களுக்கு ஆளுக்கு ஏழு பேர்ச் வரும், தனி வீடு கட்டலாம் என்று பேச்சு. யார்தான் உடைக்க மாட்டார்கள்?

அளக்க ஒருவரும் வரவில்லை. புருஷன் நிரஞ்சன் பயிரிட்ட லீக்ஸை அதுவரை முகாம் குசினிதான் சமையலுக்கு வாங்கியது. அது நின்றதும் பாத்தியிலேயே அழுகியது. அவன் கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் அவளும், பக்கவாதத்தில் கிடக்கும் மாமனார் ஆண்டியப்பனும் மட்டுந்தான்.

கார்த்திகை மழை நான்கு நாளாக விடவில்லை. ஐந்தாம் நாள் மத்தியானம் லயத்துக்குப் பின்னால் மண் வாய் பிளந்தது. போன வருஷம் இதே மழைக்கு ஆமிக்காரர்கள் சங்கு ஊதி, நான்கு பேராகக் கிழவரைத் தூக்கிப் போய் முகாம் மண்டபத்தில் படுக்க வைத்தார்கள். இந்த முறை பக்கத்துக் காம்பரா வீட்டுப் பேச்சியம்மா போட்ட கூச்சல்தான் சங்கு. அவரவர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள்.

"என்னைய விட்டுட்டு ஓடு புள்ள," என்றார் ஆண்டியப்பன்.

"சும்மா கெடங்க மாமா."

கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியில் அவரை உட்கார வைத்து, கூடைக் கயிற்றைக் கட்டி, கூடை சுமக்கிற மாதிரியே கயிற்றை நெற்றியில் கொடுத்துத் தூக்கினாள். இருபது கிலோ கொழுந்துக்குப் பழகிய கழுத்து. பாவி மனுஷன் நோயில் வற்றியும் அதைப்போல இரண்டு பங்கு இருந்தார். வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி விழுந்தாள். பாதி வழியில் கீழே பெரிய சத்தம் கேட்டது. லயம் போய்விட்டது என்று தெரிந்தது, திரும்பிப் பார்க்கவில்லை.

மண்டபத்துக்குள் போனால் போதும், துணி மாற்றி, அடுப்பு மூட்டி, மனுஷனைச் சூடாக்கிவிடலாம். அந்த ஒரே நினைப்பில் ஏறினாள்.

மேட்டில் எல்லாரும் மழையில் நின்றுகொண்டிருந்தார்கள். சுற்றிலும் முள்ளுக்கம்பி, இரும்புக் கேட்டில் பெரிய பூட்டு. லயத்துக் கந்தப்பன் கல்லால் அதை அடித்துக்கொண்டிருந்தார்.

"சாவி நுவரெலியாவுல இருக்காம். போன் பண்ணினா, வர ஆளு இல்லங்கிறாங்க," என்றாள் பேச்சியம்மா.

வினோதா மாமனாரை மடியில் கிடத்தி, தன் உடம்பால் மழையை மறைத்தாள். அவர் வெடவெடவென்று நடுங்கினார். அரைமணி நேரம் கந்தப்பன் அடித்தார். பூட்டு உடைந்தபோது நடுக்கம் நின்றிருந்தது, மூச்சும்.

கேட்டோரத்தில் அவள் உடைத்த தேங்காயின் ஓடு கிடந்தது.

"ஆமி வேணாமுன்னு நான் நெனைக்கலியே மாமா," என்று அவர் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதாள். "ஒரு வீடுதானே கேட்டேன்."