மூடியில் எழுதிய தேதி

தெருவில் அவருக்கு ‘பங்க்’ என்று பெயர். மெக்கானிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார், அந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. காரணம், அவருடைய பட்டறைக்குப் பின்னால், வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி நின்ற தகரக் கொட்டகை. அதற்குள் பன்னிரண்டு கேன் பெட்ரோல், கேனுக்கு இருபது லிட்டர். என்றைக்காவது ஒரு நாள் ஊரில் சொட்டுப் பெட்ரோல் கிடைக்காமல் போகும், அன்றைக்குத் தன் அருமை எல்லாருக்கும் தெரியும் என்பது மனிதருடைய பத்து வருட நம்பிக்கை. மற்ற ஆண்கள் சீட்டாடினார்கள், குடித்தார்கள். இவர் பெட்ரோல் சேர்த்தார். இதில் எது தேவலை என்று அவர் மனைவி பலமுறை யோசித்ததுண்டு.

மனைவி தையல்காரி. பட்டறையை ஒட்டிய முன் அறையில் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பாள். நீளமான ஜீன்ஸைக் குட்டையாக்குவது, இறுக்கமான சட்டையைத் தளர்த்துவது, கிழிந்ததற்கு ஒட்டுப்போடுவது என்று கை ஓயாது. வாயும்தான்.

பெட்ரோல் சேர்ப்பதிலும் ஒரு வினை உண்டு. பெட்ரோல் கெட்டுப்போகும். ஒரு வருடம் தாண்டினால் வீரியம் குறைந்து, பிசினாகி, இன்ஜினின் தொண்டையை அடைத்துவிடும். அதனால் பங்க் ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு கேனின் மூடியிலும் நிரப்பிய தேதியை வெள்ளை பெயின்ட்டால் எழுதுவார். மாதம் ஒரு தடவை, இருப்பதிலேயே பழைய கேனைக் காரில் ஊற்றிவிட்டு, அந்தக் கேனில் புதுசு நிரப்பி, புதுத் தேதி எழுதி வைப்பார். இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் எந்தக் கேனும் வருடத்தைத் தாண்டாது. நல்ல முறைதான். ஒரு தப்புச் சொல்ல முடியாது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேன் தூக்கும் வேலை தையல்காரியின் தலையில் விழுந்தது. அவர் வாசலில் நின்றுகொண்டு, “ஜூன் மாசத்துக் கேனை எடு” என்பார். ஜூன் கேன் எங்கே இருக்கும்? கடைசி வரிசையில், சுவரோடு சுவராக. அதை எடுக்க முன்னால் உள்ள எட்டுக் கேனை நகர்த்தவேண்டும். முதல் மாதம் நகர்த்தினாள். இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் மெஷினை மிதிக்க முடியவில்லை. இரண்டாவது மாதம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. உள்ளே சுவரோரம் இருந்த ஜூலைக் கேனின் மூடியைக் கழற்றினாள், வாசலோரக் கேனின் மூடியையும் கழற்றினாள், இதை அதற்கும் அதை இதற்கும் மாட்டினாள். வாசலோரக் கேன் ஜூலைக் கேனாகிவிட்டது. சிரமமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“பெட்ரோல் என்ன பாலா, திரிஞ்சுபோக?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதன் பிறகு மூன்று வருடமும் வாசலோரத்தில் இருந்த இரண்டே கேன்கள்தான் மாறி மாறி வெளியே போய் வந்தன. உள்ளே இருந்த பத்தும் இடத்தைவிட்டு அசையவில்லை. ஆனால் அவற்றின் மூடிகள் மட்டும் ஊர் சுற்றின. வாரா வாரம் கேன்களைத் தூசி தட்டித் துடைத்து வைப்பதில் அவள் குறை வைத்ததில்லை. பங்க் வாசலில் நின்றபடியே தேதிகளைப் படித்துப் பூரித்துப்போவார்.

இப்படி இருக்கையில் பங்க் சொன்ன நாள் நிஜமாகவே வந்தது. துறைமுகத்துக்கு எண்ணெய்க் கப்பல்கள் வரவில்லை. முதல் வாரம் வரிசை, இரண்டாவது வாரம் கைகலப்பு, மூன்றாவது வாரம் எல்லாப் பம்புகளுக்கும் சங்கிலி. பஸ் நின்றது. ஆம்புலன்ஸ் விபத்துக்கும் பிரசவத்துக்கும் மட்டும்தான் என்றார்கள்.

வீட்டில் பங்க்கின் அக்கா இருந்தார், தையல்காரிக்கு அண்ணி முறை. ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் முப்பது வருடம் தலைமைச் சமையல்காரி. எண்ணூறு பேருக்குச் சமைத்த கை, எண்ணூறு பேரையும் அதட்டிய வாய். இப்போது இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. திங்களும் வியாழனும் மலைக்கு அந்தப் பக்கம், முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், மூச்சு இரைக்கும். இரண்டு தடவை தவறினால் என்னவாகும் என்று அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான்கு வாரம் பங்க் ராஜா மாதிரி கார் ஓட்டினார். தெருவே வேடிக்கை பார்த்தது. “பார்த்தியா? பத்து வருஷமா சிரிச்சாங்களே!” என்று மனைவியிடம் தினமும் ஒரு தடவை சொன்னார். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஊற்றியது வாசலோர இரண்டு கேன் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

ஐந்தாவது திங்கட்கிழமை காலை, வேறு வழியில்லாமல் உள்வரிசைக் கேனில் ஒன்றை இழுத்தாள். அது தரையோடு ஒட்டியிருந்தது. காலால் ஓர் உதை விட்டுத்தான் பெயர்க்க முடிந்தது. அதைக் காரில் ஊற்றினாள், போகும்போது டேங்க்கில் மிச்சமிருந்த நல்ல பெட்ரோல் காப்பாற்றியது. திரும்பி வரும்போது கார் மலை முழுக்க இருமிக்கொண்டே வந்து, தெருமுனையில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணி உள்ளே உட்கார்ந்தபடியே, “ஒழுங்காத் தள்ளுங்கப்பா, சாப்பிடலையா?” என்று அதட்டிக்கொண்டு வந்தார்.

பங்க் மற்ற ஒன்பது கேனையும் திறந்து முகர்ந்து பார்த்தார். ஒன்பதும் பழைய வார்னிஷ் மாதிரி நாறின. மூடியில் ஐந்து மாதம், ஏழு மாதம் என்று தேதி. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“அஞ்சு மாசத்துல இப்படி ஆகுமா? கேன் சரியில்லையா, வாஷர் சரியில்லையா, கொட்டகை சூடா? எதுவோ ஒண்ணு. மொத்தத்துல எனக்கு ஒண்ணும் தெரியல. பத்து வருஷமா தெரிஞ்ச மாதிரி பேசியிருக்கேன்.”

தையல்காரி திறந்து கிடந்த மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினாள்.

வழி ஒன்று இருந்தது, அதுவும் பட்டறை முற்றத்திலேயே நின்றது. அவருடைய பழைய டீசல் வேன். அந்தக் காலத்து டீசல் இன்ஜின், சமையல் எண்ணெயைக்கூடக் குடித்துவிட்டு ஓடும். கொஞ்சம் டீசலில் கிளப்பி, சூடானதும் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி டீசலுக்கு வரவேண்டும். இதையெல்லாம் பங்க் படம் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். இருபது லிட்டர் டீசலும் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் தையல்காரி அதை நினைவுபடுத்தினாள்.

“வேணாம்” என்றார். “என் கணக்கை நம்பி அக்காவை மலைமேல ஏத்தமாட்டேன். நடுவுல நின்னா? சுத்துவட்டாரத்துல ஒரு வீடு கிடையாது. பெட்ரோல்லயே கோட்டை விட்டவன் நான்.”

நோட்டைக் குப்பைக் கூடையில் போட்டார். அவள் எடுத்து மெஷினுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மத்தியானம் அண்ணிக்குத் தண்ணீர் கொண்டுபோனாள். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் என்று அளந்துதான் அவருக்குத் தண்ணீர். அண்ணி டம்ளரை வாங்கி, பாதியைத் திரும்பச் சொம்பில் ஊற்றினார்.

“என்ன அண்ணி?”

“வியாழக்கிழமை போக முடியலன்னா இழுத்துப் பிடிக்கணும் இல்ல? இப்பவே குறைச்சுக்கறேன்.” அப்புறம், எண்ணூறு பேரை அதட்டிய அந்த வாயிலிருந்து, “எனக்குப் பயமா இருக்குடி” என்று வந்தது.

தையல்காரி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேராகப் பட்டறைக்குப் போனாள். பங்க் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, அந்தப் பெட்ரோல் அஞ்சு மாசத்துல கெடல.”

“பின்ன?”

“மூணு வருஷத்துல கெட்டுச்சு.”

எல்லாவற்றையும் சொன்னாள். இடுப்புப் பிடிப்பிலிருந்து ஆரம்பித்து, மூடி மாற்றியது, இரண்டே கேன், நேற்று உதைத்துப் பெயர்த்தது வரை மூச்சுவிடாமல் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டுவார், ஸ்பேனரைத் தூக்கி எறிவார், எதுவானாலும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்திருந்தாள்.

பங்க் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

“எல்லா மாசமுமா?”

“ஒரு மாசம் விடல.”

“அப்ப கேன் ஒழுகல?”

“இல்ல.”

“வாஷர்?”

“புதுசு மாதிரி இருக்கு.”

“அப்ப… என் முறைல தப்பே இல்லையா?”

“தப்பு முழுக்க என்னுதுங்க.”

“அடிப்பாவி!” என்று கத்திக்கொண்டு எழுந்தார். அவர் போட்ட கூச்சலில் வாளி உருண்டது. அது கோபமா சந்தோஷமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. முகத்தைப் பார்த்தாள். பரீட்சையில் பெயில் என்று நினைத்தவனுக்கு முதல் மார்க் என்று சொன்ன மாதிரி இருந்தது. “மூணு வருஷப் பெட்ரோல் கெடாம என்ன செய்யும்? கெடணும்! கெட்டாத்தான் சரி! அந்த நோட்டை எங்க போட்டேன்?”

“என்கிட்ட இருக்கு.”

“என்னடா அங்க சத்தம்?” என்று வீட்டுக்குள்ளிருந்து அண்ணி குரல் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் தையல்காரியை ஏற இறங்கப் பார்த்தார். “மூடியை மாத்தினியா? கேன்டீன்ல இதைச் செஞ்சிருந்தா அன்னிக்கே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். சரி, போனைக் கொடு.” பழைய கேன்டீனுக்குப் போன் போட்டார். பொரித்து முடித்து ஒதுக்கிய எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கவில்லை, எத்தனை மணிக்குக் கொண்டுவந்து இறக்குகிறாய் என்றுதான் கேட்டார். சாயங்காலத்துக்குள் நான்கு டின்கள் கைவண்டியில் வந்து இறங்கின.

எண்ணெய் கறுப்பாக, அடியில் உருளைக்கிழங்குத் துணுக்கும் தண்ணீருமாக இருந்தது. தண்ணீர் வற்றும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, தெளிந்ததை மட்டும் எடுத்து வடிகட்டவேண்டும். சாதாரணத் துணி தாங்காது, பொடி இறங்கிவிடும். பங்க் நோட்டில் இந்த இடத்தில்தான் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார். தையல்காரி அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய், யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்கவே வராத ஆறு ஜீன்ஸைக் கொண்டுவந்தாள். கால்களை வெட்டி, ஒரு முனையைக் கூம்பாக்கி, ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டாள். ஒரு காலுக்குள் இன்னொரு கால், அதற்குள் இன்னொன்று. மூன்று அடுக்கு. உத்தரத்தில் தொங்கவிட்டு மேலே எண்ணெயை ஊற்றினால், கீழே தேன் நிறத்தில் நூல் பிடித்த மாதிரி இறங்கியது. தெருவில் எட்டிப் பார்த்தவர்கள், பாதி மனுஷனைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று மிரண்டு போனார்கள்.

புதன்கிழமை முழுக்க வேலை நடந்தது. அவர் வேனுக்கு இரண்டாவது டேங்க்கும், டீசலுக்கும் எண்ணெய்க்கும் மாற்றிவிட ஒரு திருகு வால்வும் பொருத்தினார். அரைமணிக்கு ஒரு தடவை ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு, “மூணு வருஷம்!” என்பார். அவள் எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருப்பாள். அவர் திரும்ப வேலையைத் தொடர்வார். அவருடைய கோபம் தவணை முறையில் கழிந்துகொண்டிருந்தது. அவளுக்கோ, மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்ட நிம்மதியில் பாட்டே வந்தது.

வியாழக்கிழமை காலை மூவரும் கிளம்பினார்கள். பத்து நிமிடம் டீசல். பிறகு திருகைத் திருப்பினார். வேன் ஒரு குலுக்கு குலுக்கியது, அவ்வளவுதான், ஓடியது. பின்னால் உருளைக்கிழங்கு பொரிக்கிற வாசனை கமகமவென்று வந்தது. வழியெல்லாம் ஆட்கள் வாசலுக்கு வந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

மலையில் மூன்றாவது வளைவில் இன்ஜின் திணறியது. பங்க் பேயறைந்த மாதிரி ஆனார். தையல்காரி அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள், இல்லை, அண்ணிதான் அவள் கையைப் பிடித்தார்.

“நோட்டுல என்னங்க எழுதியிருக்கு?”

“எண்ணெய் போதுமான சூடாகலன்னா டீசலுக்கு மாத்து, கொஞ்சம் ஓட்டு, திரும்பவும் எண்ணெய்க்கு வா…”

“உங்க முறைல தப்பே இல்ல. மாத்துங்க.”

மாற்றினார். இரண்டு வளைவு கழித்துத் திரும்ப எண்ணெய்க்கு வந்தார். வேன் முக்காமல் முனகாமல் உச்சியைத் தாண்டியது. அண்ணி கையை விட்டுவிட்டு, “மெதுவாப் போடா, என்ன அவசரம்?” என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஓடிவந்து, “யாரு இங்க பொரிக்கிறது?” என்று கேட்டாள். “என் தம்பி” என்றார் அண்ணி, ரொம்பப் பெருமையாக.

கேன்டீன் எண்ணெய் வர வர, ஏழு வாரம் அந்த வேன் ஓடியது. வழியில் இருந்த இன்னும் இரண்டு டயாலிசிஸ்காரர்கள் ஏறிக்கொண்டார்கள். அண்ணி திரும்பவும் முழு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு நாள் கப்பல் வந்தது, பம்புகளில் சங்கிலி கழன்றது, தெரு பழையபடி ஆகிவிட்டது.

பங்க் கெட்டுப்போன பெட்ரோலை இன்ஜின் பாகங்களைக் கழுவ வைத்துக்கொண்டார். பத்து நாள் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு உள்ளே எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

உள்ளே, அவள் இடுப்பு உயரத்துக்கு, இரும்புக் குழாய்களை உருளையாக வைத்து, வாசல் பக்கம் சரிவாக ஒரு நீளத் தாங்கி. பின்சுவரில் புதிதாக ஒரு கதவு. நிரப்பிய கேனைப் பின்கதவு வழியாக வைக்கவேண்டும், முன்னாலிருந்து ஒன்றை எடுத்தால் மற்றவை தானாக உருண்டு முன்னால் வரும். கேன்களும் சிறியவை, பத்து லிட்டர். தேதி மூடியில் இல்லை, கேனின் வயிற்றில் பெரிதாக எழுதியிருந்தது. அவளுக்கு அதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

“நம்பிக்கை இல்லன்னு நேராவே சொல்லலாம்” என்றாள்.

“அது இல்லடி.” அவர் தலையைச் சொறிந்தார். “என் முறைல ஒரு தப்பு இருந்துச்சு. தூக்கப்போறது நீங்கறத நான் கணக்குல சேர்க்கல. மூணு வருஷம் வாசல்ல நின்னு ஜூன், ஜூலைன்னு சொல்லிட்டிருந்தேனே, உன் இடுப்பு வலிக்குதான்னு ஒரு நாள் கேட்டேனா?”

அவள் தாங்கியின் குழாய் ஒன்றைக் கையால் உருட்டிப் பார்த்தாள்.

“இனிமே நீ எப்பவும் போல வாசலோரத்துல இருக்கறதையே எடு” என்றார். “அதுதான் பழசு.”

அவள் முன்னால் இருந்த கேனை ஒரு கையால் தூக்கினாள். பின்னால் இருந்தவை கடகடவென்று உருண்டு வந்து அவள் இடுப்புக்கு நேராக நின்றன.