மணிக்கு இருமுறை மௌனம்

அந்தத் துறைமுக ஊரில் ஒவ்வொரு மணி நேரத்திலும் இரண்டு முறை, மும்மூன்று நிமிடம், எந்தச் சத்தமும் எழாது. அதற்குக் காரணம் அரசாங்கம் முதன்முதலாக அங்கே அனுப்பிவைத்த ரேடியோ இன்ஸ்பெக்டர். கடலில் ஏதாவதொரு கப்பல் ஆபத்தில் மாட்டிக்கொண்டு மெலிந்த குரலில் கூப்பிட்டாலும் யார் காதிலாவது விழ வேண்டும். ஆகவே கால் மணிக்கும் முக்கால் மணிக்கும் எல்லாக் கப்பல்களும் தந்தி அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதை மட்டும் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை அவர் துறைமுகக் கதவில் ஒட்டிய திங்கட்கிழமை, அது கப்பல்களோடு நிற்கவில்லை. பத்தேகாலுக்கு மீன் ஏலம் விடுகிறவரின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. பட்டறையில் சம்மட்டி இரும்பில் விழுந்தது, ஓசை இல்லை. தொட்டில் பிள்ளை வாயைப் பிளந்து சத்தமில்லாமல் அழுதது. பதினெட்டாவது நிமிடம் எல்லாச் சத்தமும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஊர் ஒரு வாரம் பயந்தது, ஒரு மாதம் முணுமுணுத்தது, பிறகு பழகிக்கொண்டது. தெருச் சண்டைக்காரர்கள் பாதி வசவில் நின்றுபோய், மூன்று நிமிடம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு, எதற்குச் சண்டை என்பதே மறந்து வீட்டுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டருக்கு ஊரார் வைத்த பெயர் மூணு நிமிஷம்.

வேலையில் அவர் நெருப்பு. கப்பல் கரைக்கு வந்ததும் கயிற்றேணியில் ஏறி, ஏரியல் கம்பியை இழுத்துப் பார்த்து, பேட்டரியை நாக்கு வைக்காத குறையாகச் சோதித்து, தந்தி அடிப்பவரை உட்காரவைத்து நிமிடத்துக்கு இருபது வார்த்தை அடிக்கிறாரா என்று கடிகாரத்தைப் பார்ப்பார். பத்தொன்பது என்றால் சான்றிதழ் கிடையாது, கப்பல் முதலாளியே வந்து காலில் விழுந்தாலும் சரி. அவர் கையில் வளர்ந்த ஒரே தங்கையின் புருஷனும் தந்தி அடிக்கிறவர்தான். அந்த மாப்பிள்ளை ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால், வீட்டைப் பூட்டியவன் சாவியை எடுத்தோமா என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பதுபோல், ஒரு கணம் தயங்குவார். தயக்கத்தாலேயே இரண்டு முறை தேர்வில் தோற்றார். தங்கை சிபாரிசுக்கு வரவில்லை. சாயங்காலமானால் புருஷனைச் சாப்பாட்டு மேசையில் கரண்டியால் தட்டவைத்து, கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி எண்ணுவாள். எண்ணி எண்ணி அவளுக்கே தந்தியின் புள்ளியும் கோடும் மனப்பாடமாகிவிட்டன. மூன்றாவது தேர்வு பத்தேமுக்காலில் மாட்டிக்கொண்டது. நடுவில் ஊர் அடங்கியது. தந்திக் கருவியின் கட்டை சத்தமில்லாமல் ஏறி இறங்கியது, மாப்பிள்ளை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி மறுபடி தேர்வு வைத்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் விரல்களை மட்டும் பார்த்து எண்ணினார், இருபது வந்தது, கையெழுத்துப் போட்டார். காதால் கேட்காத ஒன்றுக்கு அவர் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தடவைதான்.

மாப்பிள்ளை ஏறிய சரக்குக் கப்பல் நான்காவது பயணத்தில் போன இடம் தெரியவில்லை. புயல் அடித்ததாகத் தகவல் இல்லை. உதவி கேட்டு ஒரு புள்ளி, ஒரு கோடுகூட யார் காதிலும் விழவில்லை. கப்பலைத் தேடுவதை நிறுத்திவிட்டதாகக் கடிதம் வந்த அன்று, மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த அண்ணன் முன் தங்கை வந்து நின்றாள்.

“அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவர் நிஜமாவே இருபது அடிச்சாரா, இல்ல என் முகத்துக்காகப் பாஸ் போட்டியா? வேகம் பத்தாமதான் அவரால யாரையும் கூப்பிட முடியலையா?”

அவர் வாயைத் திறந்தார். மணி ஒன்றேகால். அன்று எண்ணியது கண்ணா பாசமா என்பது சத்தியமாக அவருக்கே தெரியாது. மூன்று நிமிடம் அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குச் சத்தம் திரும்பியபோது அவர் வாய் மூடியிருந்தது. அவள் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போனாள். அதன்பின் ஒன்பது வருடம், ஒரே கூரைக்குக் கீழே, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ஒன்பது வருடத்தில் துறைமுகத்துக்கு இரண்டாவது பாலம் வந்தது, கப்பல்கள் பெரிதாயின, வீட்டுக்கு வீடு ரேடியோ பெட்டி வந்து அதற்கும் அவரே உரிமம் எழுதிக் கொடுத்தார். தலைநகரத்துக்குப் பதவி உயர்வு வந்தது. உறையைக்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார். மற்ற ஊர்களில் மௌன நேரத்தைக் கவனிக்க ஆள் வைத்திருந்தார்கள். இவர் ஒவ்வொரு காலுக்கும் முக்காலுக்கும் தானே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காதோரம் தழும்பாகிப்போனது. மாப்பிள்ளை உயிரோடு இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரே ஒரு முறை அந்தத் தயங்குகிற கை தட்டிக் கேட்டால் போதும், தங்கைக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று ஏங்கினார். ஊர் அடங்கிய நேரத்திலும் ஹெட்போனுக்குள் இடியின் கரகரப்பும், எங்கோ தூரத்து ஊர்களின் மழையும் கேட்டன.

ஒன்பதாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேமுக்கால். இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் ஹெட்போனோடு இருந்தார். காதில் ஒன்றும் விழவில்லை. வீட்டில் அடுப்பில் தண்ணீர் சத்தமில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது. பாத்திரத்தின் மூடி மட்டும் சத்தத்தோடு தட்டத் தொடங்கியது. பக்கத்து வீட்டுத் தையல்காரி, யாரோ விதியை மீறுகிறார்களே என்று முகம் சுளித்து ஜன்னலைச் சாத்தினாள். மூடி ஒவ்வொரு வார்த்தைக்கும் முன் ஒரு கணம் தயங்கியது, பிறகு விட்டதைப் பிடிக்க ஓடியது. தங்கை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்று, கேட்டாள், எண்ணினாள். மூன்று நிமிடம் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் அலுவலகத்துக்கு நடந்தாள்.

“அறுபது வார்த்தை, அண்ணா,” என்றாள். “மூணு நிமிஷத்துல அறுபது. நான் எண்ணினேன்.”

எந்தக் கப்பல், எந்த அலை, யார் சாட்சி என்று அவர் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மேசையில் தலை கவிழ்ந்து அழுதார். அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுகை ஓய்ந்ததும், உதவி கேட்டாரா என்றார். இல்லை என்றாள். பின்னே என்ன சொன்னார் என்றார்.

“அது எனக்கு வந்தது, அண்ணா.”

மௌன நேரத்தில் சொந்தச் செய்தி அனுப்புவது குற்றம் என்பதால் இன்ஸ்பெக்டர் அன்றே மாப்பிள்ளை பெயருக்கு ஒரு நோட்டீஸ் எழுதினார். நெருங்கிய உறவு என்ற இடத்தில் தங்கை கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள். அதற்கு மரியாதை கொடுத்து மாப்பிள்ளை அடுத்த வாரத்திலிருந்து தட்டுவதை மௌனம் இல்லாத மதியச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றிக்கொண்டார். தங்கை கரண்டியால் பதில் தட்டப் பழகினாள். அண்ணன் முறைப்படி அவளுக்குத் தேர்வு வைத்தார், நிமிடத்துக்கு இருபத்திரண்டு வந்தது, அடுக்களைக்கு ரேடியோ நிலைய உரிமம் எழுதிக் கொடுத்தார். மேலதிகாரிகள் அதை மற்ற நிலையங்களின் பட்டியலில் சேர்த்து அச்சடித்தார்கள். இன்னொருவருக்கு வந்த செய்தியைக் கேட்பதும் சட்டப்படி தவறு. ஆகவே செவ்வாய்க்கிழமைகளில் மூடி தட்டத் தொடங்கியதும் இன்ஸ்பெக்டர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். “முடிஞ்சுது, உள்ள வா, சாப்பாடு ஆறுது” என்று தங்கை கூப்பிடும்வரை அங்கேயே நிற்பார்.